பீங்கான் பல்லில் தொடங்கிய கம்பெனி

பல் டாக்டரின் ட்ரில் சத்தம் கேட்டாலே பலருக்கு வயிற்றைக் கலக்கும். அந்தக் கருவி வருவதற்கு முன்பு சொத்தைப் பல்லுக்குப் பெரும்பாலும் ஒரே வைத்தியம்தான் இருந்தது: குறடு போட்டுப் பிடுங்குவது. பல்லைப் பிடுங்காமல் அடைத்துக் காப்பாற்றும் வழக்கம் பரவியதில் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் பிறந்த ஒரு கம்பெனிக்குப் பெரும் பங்கு உண்டு. அது முதன்முதலில் செய்து விற்ற சரக்கு பொய்ப்பல்.

அதை நிறுவிய சாமுவேல் ஸ்டாக்டன் ஒயிட் 1822-இல் பிறந்தவர். சிறுவனாக இருந்தபோதே பிலடெல்பியாவில் இருந்த தாய்மாமனிடம் தொழில் பழகச் சேர்ந்தார். மாமனுக்குப் பீங்கான் பல் செய்யும் தொழில். அதுவரை பொய்ப்பல் என்றால் நீர்யானைத் தந்தத்தில் செதுக்கியதாக இருக்கும்; இல்லையென்றால் செத்தவர் வாயிலிருந்து எடுத்ததாக இருக்கும். இரண்டும் நாளடைவில் அழுகி நாறும். பீங்கானுக்கு அந்தக் கேடு இல்லை. பெல்ஸ்பார், குவார்ட்ஸ் தூள், வெண்களிமண் மூன்றையும் அரைத்துக் குழைத்து அச்சில் இட்டு, பின்புறம் பிளாட்டினக் கம்பித் துண்டுகளைப் பதித்துச் சூளையில் சுடுவார்கள். அந்தக் கம்பிகளைப் பற்றித்தான் பல்லை உலோகத் தகட்டோடு பற்றவைக்க முடியும். வெள்ளைவெளேர் என்று இருந்தால் பொய்ப்பல் என்று காட்டிக்கொடுத்துவிடும் என்பதால், டைட்டானியம் ஆக்சைடு சேர்த்து லேசான மஞ்சள் ஏற்றுவார்கள்.

1844-இல் ஒயிட் தனியாகத் தொழில் தொடங்கினார். பல்லோடு நில்லாமல் பல் வைத்தியர்களுக்கு வேண்டிய கருவிகளும் அவர் கடையில் சேர்ந்துகொண்டே போயின. 1859-இல் ‘டென்டல் காஸ்மாஸ்’ என்ற மாத இதழையும் தொடங்கினார். சரக்கு விற்பவர் நடத்திய பத்திரிகைதான் என்றாலும், பல் மருத்துவத் துறையின் முதன்மையான இதழ்களில் ஒன்றாக வளர்ந்து 1936 வரை வெளிவந்தது. ஒயிட் செய்த காரியங்களில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

இனி ட்ரில்லுக்கு வருவோம். அந்தக் காலத்து வைத்தியர் சிறு துளைக்கருவியை விரல்களுக்கு நடுவே பிடித்து, கையாலேயே திருகித் திருகிச் சொத்தையைக் குடைய வேண்டும். ஜார்ஜ் வாஷிங்டனின் பல் வைத்தியர் ஜான் கிரீன்வுட் 1790-லேயே நூற்கும் ராட்டையை மாற்றிக் காலால் மிதித்துச் சுழற்றும் துளைக்கருவி செய்துகொண்டார். அதைப் பெருக்கிச் செய்து மற்றவர்களுக்கு விற்க ஆளில்லை. அது அவரோடும் அவர் குடும்பத்தோடும் நின்றுபோனது. 1864-இல் இங்கிலாந்தில் ஹாரிங்டன் என்பவர் கடிகாரம்போல் சாவி கொடுத்து ஓட்டும் ட்ரில் செய்தார். ஒருமுறை முறுக்கினால் இரண்டு நிமிடம் ஓடும், அவ்வளவுதான்.

1871-இல் ஜேம்ஸ் மாரிசன் என்ற அமெரிக்கப் பல் வைத்தியர் கால்மிதி ட்ரில்லுக்குக் காப்புரிமை பெற்றார். தையல் மெஷினின் மிதிதான் அதற்கு அடிப்படை. மிதித்தால் கீழே பெரிய சக்கரம் சுழலும். அங்கிருந்து கயிறு ஒன்று மூட்டுகள் வைத்த கையின் வழியாக ஏறி, வைத்தியர் பிடித்திருக்கும் முனையைச் சுழற்றும். நிமிடத்துக்கு 2,000 சுற்று வரை போகும். இரண்டு கைகளும் வேலைக்கு மிச்சம். அதைச் செய்து விற்கும் பொறுப்பை ஒயிட் கம்பெனி ஏற்றது. கிரீன்வுட்டுக்கு வாய்க்காதது மாரிசனுக்கு வாய்த்தது. பட்டறை, விற்பனைக் கடைகள், இதழ் எல்லாம் தயாராக இருந்ததால் அந்த இயந்திரம் ஊர் ஊராகப் போய்ச் சேர்ந்தது.

ஜார்ஜ் கிரீன் என்பவரின் மின்சார ட்ரில்லுக்கு 1875-இல் காப்புரிமை கிடைத்தது. அதையும் ஒயிட் கம்பெனியே எடுத்துக்கொண்டது. ஆனால் வீடுகளுக்கும் கடைகளுக்கும் மின்சாரம் வராத காலம் அது. கனமான பேட்டரியோடு மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. கால்மிதி மேலும் பல பத்தாண்டுகள் ஓடியது. இரண்டாம் உலகப் போரில்கூட முகாம்களில் இருந்த ராணுவப் பல் டாக்டர்கள் அதை மிதித்தார்கள்.

ஒயிட் 1879-இல் பாரீஸில் காலமானார். 1881-இல் அவர் கம்பெனி ஸ்டேட்டன் தீவின் ஜான்ஸ்டன் சகோதரர்கள் நிறுவனத்தோடு இணைந்து மேலும் பெரிதானது. 1951-இல் மிக நுண்ணிய தூளைக் காற்றால் பீய்ச்சிப் பல்லைக் குடையும் ‘ஏர்டென்ட்’ கருவியை வெளியிட்டது. டாக்டர்களிடம் அது நிலைக்கவில்லை. அதே முறையில் உருவான தொழிற்கருவி, தொல்லுயிர் எச்சங்களில் ஒட்டிய பாறையை நீக்க ஆய்வாளர்களுக்குக் கைகொடுத்தது. 1957-இல் நிமிடத்துக்குச் சுமார் 3 லட்சம் சுற்று சுழலும் காற்றுச்சுழலி ட்ரில் வந்தபோது, அந்தப் பெருமை போர்டன் என்ற டாக்டருக்குப் போனது.

ட்ரில்லுக்காகச் செம்மைப்படுத்திய ஒரு பாகம் தனித் தொழிலாகவே வளர்ந்தது. கம்பிகளை அடுக்கடுக்காக, ஓர் அடுக்குக்கு மறு அடுக்கு எதிர்த்திசையில் சுற்றிச் செய்யும் வளையும் தண்டு அது. எப்படி வளைத்தாலும் சுழற்சியைக் கடத்தும். அதைச் செய்யும் பிரிவு பின்னர் தனி நிறுவனமாகி, விமானங்களுக்கான தண்டுகளைச் செய்கிறது. பல் குடையும் ‘பர்’ முனைகள் இன்றும் எஸ்.எஸ். ஒயிட் என்ற பெயரிலேயே விற்பனையாகின்றன.