குடும்பப் பராமரிப்பாளர் (கேரள வலிதணிப்புச் சேவை)

தீராத நோயின் இறுதிக் கட்டத்தில் இருப்பவரை வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளும் உறவினர். பெரும்பாலும் மனைவி, மகள் அல்லது மருமகள். இறுதிக் கட்ட நோயாளிகளைத் தங்கவைத்துப் பராமரிக்கும் இல்லங்களில் (ஹாஸ்பிஸ்) இந்தியாவின் முதலாவதான சாந்தி அவேத்னா சதன் 1986-இல் மும்பையில் தொடங்கப்பட்டது. கேரளமோ நோயாளியின் வீட்டையே நம்பியது. மருத்துவர்கள் எம். ஆர். ராஜகோபால், சுரேஷ் குமார் முதலியோர் 1993-இல் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் தொடங்கிய வலிதணிப்புச் சங்கத்திலிருந்து, தன்னார்வலரும் செவிலியரும் வீடு தேடி வரும் ஏற்பாடு வளர்ந்தது. 2008-இல் மாநில அரசு இதற்கெனக் கொள்கை வகுத்தது.

செவிலியர் வந்துபோவது சிறிது நேரம்தான். மற்றதெல்லாம் வீட்டார் பொறுப்பு. சாதாரண மார்ஃபின் மாத்திரையை வலி வரும்வரை காத்திராமல் 4 மணிக்கொரு முறை தர வேண்டும்; அதனால் வரும் மலச்சிக்கலுக்கும் மருந்து வேண்டும். படுத்த படுக்கையாக இருப்பவரை 2 மணிக்கொரு முறை புரட்டி, இடுப்பும் குதிகாலும் சிவந்திருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும்.

எல்லாவற்றிலும் கடினமானது சாப்பாட்டு விஷயம். கடைசி நாட்களில் பசி அடங்கிவிடும், விழுங்கவும் முடியாது. பட்டினி போட்டுவிட்டாள் என்ற ஊர்ப்பேச்சுக்கு அஞ்சிக் கஞ்சியைப் புகட்டுவோர் உண்டு. புரையேறினால் அது நுரையீரலுக்குள் போகும். ஈரப் பஞ்சால் உதட்டை நனைத்தால் போதும் என்பார் செவிலியர். பார்க்க வரும் உறவுக்காரர்களுக்கு அதை விளக்கும் சுமையும் பராமரிப்பவள் தலையில்தான்.

வருமானம் நின்ற வீடுகளுக்குச் சில தன்னார்வக் குழுக்கள் அரிசி, பிள்ளைகளின் படிப்புச் செலவு ஆகியவற்றையும் தருகின்றன.