பாலாற்றுப் பாலமும் மூன்று நாள் பயணிகளும்

கொசோவோவில் மித்ரோவிட்சா என்று ஒரு ஊர். நடுவே இபார் ஆறு ஓடுகிறது. தெற்குக் கரையில் அல்பேனியர்கள், வடக்குக் கரையில் செர்பியர்கள். இரண்டையும் இணைக்க ஒரு பாலம், பாலத்தின் ஓரத்தில் வண்டியை நிறுத்திக்கொண்டு இத்தாலியக் காவல் படையினர். நான் போன அன்று ஒரு பிரச்சினையும் இல்லை. ஒரு பாட்டி காய்கறிப் பையோடு மெதுவாக நடந்து மறுகரைக்குப் போனார். அவரைப் பார்த்ததும் எனக்கு எங்கள் அப்பாயி ஞாபகம் வந்துவிட்டது, கூடவே பாலாற்றுப் பாலமும். (கொசுவத்தி சுற்ற ஆரம்பிக்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.)

முதலில் இந்த ஊர்சுற்றல் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆணி பிடுங்கி முடித்ததும் ஒரு முதுகுப் பை, ஒரு மலிவு விமானச் சீட்டு. திங்கள் காலை மறுபடி அலுவலகம். அல்பேனியா, மால்டோவா, ஜார்ஜியா என்று கூட்டம் போகாத நாடுகளாகப் பார்த்துப் போய்க்கொண்டிருக்கிறேன். "பாரிஸ், ரோம் எல்லாம் எந்த ஜென்மத்துல?" என்று தங்கமணி கேட்பது நியாயமான கேள்விதான். கொசோவோவை இந்தியா அங்கீகரிக்கவில்லை. ஆனாலும் ஷெங்கன் விசா கையில் இருந்ததால் நம் பாஸ்போர்ட்டிலேயே உள்ளே விட்டுவிட்டார்கள்.

பிரிஸ்ரனில் நான் தங்கிய விடுதிக்காரர் ஒரு பேச்சு சொன்னார். "வர்றவங்க எல்லாரும் 1999 சண்டையைப் பத்தியே கேக்கறாங்க. அதுக்கு முன்னாடியும் நாங்க இங்கதான் இருந்தோம்." நானும் அதையேதான் கேட்டிருந்தேன் என்பதால் அசடு வழிந்தேன். அடுத்து, உன் ஊர் எது என்று கேட்டார். வரைபடத்தில் மேட்டூர் அணையைக் காட்டி, நீர்த்தேக்கத்தின் மேல் முனைக்கு விரலை நகர்த்தி பாலாற்றைக் காட்டினேன். அவர் தன் போனில் எழுத்துக்கூட்டித் தேடினார். முதலில் வந்தது ஒரு மீசை. அவர் சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வேலூர், காஞ்சிபுரம் வழியாகப் போகும் பாலாறு வேறு. இது மாதேஸ்வரன் மலைக் காடுகளிலிருந்து இறங்கி, மேட்டூர் நீர்த்தேக்கத்தின் தலைப்பகுதியில் காவிரியோடு சேரும் சின்ன ஆறு. கொளத்தூர், கோவிந்தப்பாடி தாண்டிப் போனால் ஒரு பாலம். இந்தப் பக்கம் தமிழ்நாட்டுச் சோதனைச் சாவடி, அந்தப் பக்கம் கர்நாடகச் சாவடி. பாலம் தாண்டினால் மலை ஏற்றம். மேலே போகப் போக "உகே மாதப்பா" என்ற சத்தம் காதில் விழும்.

இந்த ஆற்றுப் பள்ளத்தாக்கு ஒரு பழைய வழி. மைசூர்ப் பீடபூமியிலிருந்து கொங்குச் சமவெளிக்கு இறங்கும் கணவாய்களில் ஒன்று காவேரிபுரம் கணவாய். அதன் வாயிலில் இருந்தது காவேரிபுரம் கோட்டை. தாரமங்கலத்துக் கெட்டி முதலிகள் கையில் இருந்து, பதினேழாம் நூற்றாண்டில் மைசூர் உடையார்கள் கைக்குப் போனது. முதலாம் மைசூர்ப் போரில் கும்பெனிப் படை அதைப் பிடிக்க, ஹைதர் அலி திரும்ப வந்து முற்றுகை போட்டார். கேப்டன் ஃபைசன் என்ற ஆங்கிலேயர் தாக்குப்பிடித்துப் பார்த்துவிட்டுச் சரணடைந்தார். சரணடைந்தவர்களை விட்டுவிடுவதாகப் பேச்சு. ஆனால் ஏற்கெனவே பிடிபட்டு, இனிச் சண்டை போடமாட்டேன் என்று வாக்குக் கொடுத்து விடுதலையான வேறொரு கேப்டன் ஈரோட்டில் மறுபடி படை நடத்திக்கொண்டிருந்தது ஹைதருக்குத் தெரிந்துபோயிற்று. நீங்கள் மீறினால் நானும் மீறுவேன் என்று அவர் எல்லாரையும் ஸ்ரீரங்கப்பட்டணத்துச் சிறைக்கு அனுப்பிவிட்டார்.

1799ல் திப்பு விழுந்தார். கும்பெனிக்குப் புதிதாக ஒரு தேசம் கிடைத்தது, ஆனால் அங்கே என்ன விளைகிறது, யார் இருக்கிறார்கள் என்று தெரியாது. வெல்லெஸ்லி ஒரு டாக்டரை அனுப்பினார். பெயர் பிரான்சிஸ் புக்கானன். ஸ்காட்லாந்துக்காரர், தாவரவியல் பித்து. இந்த மனிதரின் பயணப் பட்டியலைப் பார்த்தால் எனக்குப் பொறாமைதான் வருகிறது. 1795ல் பர்மாவின் ஆவா, 1798ல் சிட்டகாங், 1800-01ல் மைசூர், கன்னடம், மலபார், 1802-03ல் நேபாளம். அந்தக் காலத்து ஐரோப்பியர்கள் அதிகம் எட்டிப் பார்க்காத இடங்களாகவே தேர்ந்தெடுத்துப் போனது போல இருக்கும். தேர்ந்தெடுத்தது அவரல்ல, கும்பெனி.

1800 ஏப்ரலில் சென்னையிலிருந்து கிளம்பியவர், அந்த அக்டோபரில் கொள்ளேகால் பக்கமிருந்து காவேரிபுரம் கணவாய் வழியாக எங்கள் ஊர்ப்பக்கம் இறங்கினார். அங்கிருந்து பவானி, பிறகு கோயம்புத்தூர். ஒவ்வொரு நாளும் ஒரு நடை, ஒரு தங்கல். தங்கும் இடத்தில் ஆட்களைக் கூப்பிட்டுக் கேள்வி. நிலத்துக்கு என்ன வரி, கேழ்வரகு எத்தனை மடங்கு விளையும், நெசவாளி எவ்வளவு சம்பாதிக்கிறான், எந்தச் சாதி யார் வீட்டில் சாப்பிடாது என்று ஒன்றையும் விடமாட்டார். 1807ல் லண்டனில் மூன்று தொகுதிகளாக வந்தது அந்த நாட்குறிப்பு. அன்றைய கொங்கு நாட்டுச் சாமானிய மனிதர்களின் சாப்பாட்டையும் கூலியையும் பற்றி இவ்வளவு விவரம் வேறு எங்கும் கிடைப்பது கஷ்டம். அதற்காக அவரைக் கும்பிடலாம்.

ஆனால் ஊர்க்காரர்கள் உண்மையைச் சொல்வதில்லை, ஒருவர் சொல்வது இன்னொருவர் சொல்வதோடு ஒத்துப்போவதில்லை என்ற அலுப்பும் அந்த நாட்குறிப்பில் அடிக்கடி தலைகாட்டும். எப்படி ஐயா ஒத்துப்போகும்? நேற்று வரை திப்புவின் ஆள் வரி கேட்டான். இன்று சிப்பாய்களோடு கூடாரம் போட்டு ஒரு வெள்ளைக்காரர் 'உன் வயலில் எவ்வளவு விளையும்?' என்று கேட்கிறார். எங்கள் அப்பாயியின் கொள்ளுத்தாத்தா அங்கே நின்றிருந்தால் பாதிதான் சொல்லியிருப்பார். புக்கானன் ஒரு ராத்திரி தங்கி மறுநாள் கிளம்பிவிட்டார். அவர் எழுதி வைத்த பாதி, அரசாங்கக் காகிதத்தில் முழுசாகிவிட்டது.

நம் ஆட்களில் இப்படிச் சுற்றியவர் என்றால் எனக்கு உடனே நினைவுக்கு வருபவர் ஏ.கே. செட்டியார். 1911ல் கோட்டையூரில் பிறந்தவர் (மேட்டூர்ப் பரிசல் துறைக் கோட்டையூர் இல்லை, காரைக்குடிப் பக்கம்). காந்தி படத்துக்காக உலகம் முழுக்க அலைந்து, 1940ல் அதை வெளியிட்டார். 1943 முதல் 'குமரி மலர்' நடத்தினார். கயானா, கரிபியன் தீவுகள் என்று தமிழன் கப்பலேறிப் போய்த் தொலைந்த இடங்களையெல்லாம் தேடிப் போனவர். அவருக்கும் ஒரு ஊரில் சில நாட்கள்தான். ஆனால் அவர் எழுத்தில் 'நான்' ரொம்பக் குறைவு, தீர்ப்பு அதைவிடக் குறைவு. பார்த்ததைச் சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்வார். மூன்று நாள் இருந்துவிட்டு ஒரு நாட்டையே எடை போட்டு நண்பர்களுக்கு நீளமாக மடல் எழுதும் என்னைப் போன்ற ஆட்களுக்கு அவரைப் படிக்கும்போது கொஞ்சம் கூச்சமாக இருக்கும்.

இனி அப்பாயி கதை. அவர் பிறந்தது கோபிநத்தம் பக்கம், வாழ்க்கைப்பட்டது கொளத்தூர்ப் பக்கம். 1799க்குப் பிறகு கொள்ளேகால் தாலுகா கோயம்புத்தூர் மாவட்டத்தில்தான் இருந்தது. அதாவது பாலாற்றின் இரண்டு கரையும் ஒரே சென்னை மாகாணம். அப்பாயி கல்யாணமாகி ஆற்றைத் தாண்டியபோது எந்த எல்லையையும் தாண்டவில்லை. 1956 நவம்பர் 1ல் மொழிவாரி மாநிலம் பிரித்தபோது கொள்ளேகால் மைசூர் மாநிலத்துக்குப் போனது. முதலில் மைசூர் மாவட்டம், 1997ல் பிரித்த பிறகு சாமராஜநகர் மாவட்டம். "நான் எங்கயும் போவல சாமி. பொறந்த ஊருதான் வேற ராச்சியத்துக்குப் போயிருச்சு" என்பார். கோபிநத்தத்தில் அன்றும் தமிழ், இன்றும் தமிழ். பள்ளிக்கூடமும் ரேஷன் அட்டையும் மட்டும் கன்னடம்.

அதற்கு முன்பே அணை வந்து பாதியை மூழ்கடித்திருந்தது. 1925ல் ஆரம்பித்து 1934ல் முடிந்த மேட்டூர் அணையில் பழைய காவேரிபுரம், பண்ணவாடி எல்லாம் தண்ணீருக்குள் போயின. நீர்மட்டம் நன்றாக இறங்கினால் பண்ணவாடியில் ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தியும், மாதா கோயிலின் இரட்டைக் கோபுரமும் வெளியே தெரியும். காவிரியில் தண்ணீர் வரவில்லை என்று டெல்டா அழும் வருஷங்களில் எங்கள் ஊர்க்காரர்கள் பரிசலில் போய்ப் பழைய கோயிலைக் கும்பிட்டு வருவார்கள்.

பிறகுதான் அந்த மீசை. 1993 ஏப்ரல் 9, பாலாற்றுக்கு அருகே காட்டுப் பாதையில் கண்ணிவெடி. போலீஸ்காரர்கள், வனக் காவலர்கள், கூட அழைத்துப் போன உள்ளூர் ஆட்கள் என்று 22 பேர் செத்தார்கள். வழக்கு மைசூர் தடா நீதிமன்றத்தில் நடந்தது. நான்கு பேருக்கு ஆயுள் தண்டனை, 2004ல் உச்ச நீதிமன்றம் அதைத் தூக்காக்கியது, கருணை மனுவை வருஷக்கணக்கில் கிடப்பில் போட்ட காரணத்தால் 2014 ஜனவரியில் மறுபடி ஆயுளாகக் குறைந்தது. 2004 அக்டோபர் 18ல் வீரப்பன் கதை முடிந்தது. இவையெல்லாம் தேடினால் கிடைக்கும். தேடினாலும் முதல் பக்கத்தில் வராதது, இரண்டு பக்க அதிரடிப் படைகளும் விசாரணை என்று கூட்டிப்போன சனங்களின் கதை. 2007ல் தேசிய மனித உரிமை ஆணையம் 89 பேருக்கு 2 கோடியே 80 லட்சம் ரூபாய் நிவாரணம் தரச் சொன்னது. அந்தக் காலத்தில் அப்பாயி அண்ணன் வீட்டுக்குப் போவதையே நிறுத்திவிட்டார். ராத்திரி யார் கதவைத் தட்டினாலும் பயம், தட்டுவது காக்கியா காட்டு ஆளா என்று பார்ப்பதற்குள் எல்லாம் முடிந்துவிடும் என்பார்.

பாலமும் அவ்வப்போது மூடிக்கொள்ளும். 2014ல் ஒரு முறை, 2023 பிப்ரவரியில் இன்னொரு முறை, மீன் பிடிக்கவோ காட்டுக்குள்ளோ போன நம் பக்கத்து ஆளின் உடல் பாலாற்றில் கிடைத்தது. கர்நாடக வனத்துறை மேல் குற்றச்சாட்டு. உடனே இரு பக்கமும் பஸ் நின்றது. நிலைமை அடங்கும் வரை காத்திருக்க வேண்டியதுதான்.

இப்போது அங்கேயும் முதுகுப் பைக்காரர்கள் வருகிறார்கள். கோபிநத்தத்தில் காட்டு முகாம் வந்தது, 2023ல் நெட்ஃபிளிக்ஸில் வீரப்பன் தொடர் வந்தது. பெங்களூரிலிருந்து சனி ஞாயிறில் பைக்கில் வந்து இறங்கும் பையன்கள் கேட்கும் முதல் கேள்வி என்ன என்று உங்களுக்கே தெரியும். நானும் பிரிஸ்ரனில் அதைத்தானே கேட்டேன்.

போன முறை ஊருக்குப் போனபோது பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பாலாறு போனேன். பாலத்தை நடந்தே தாண்டினோம். "அப்பா, பாஸ்போர்ட் காட்டணுமா?" என்று சின்னவள் கேட்டாள். அந்தப் பக்கத்து டீக்கடையில் அம்மா ஒருவர் எங்களுக்குத் தமிழில் கணக்குச் சொல்லி, அதே மூச்சில் உள்ளே இருந்த பையனைக் கன்னடத்தில் திட்டினார். வீரப்பனைப் பற்றி நான் கேட்கவில்லை. இந்த வருஷம் கேழ்வரகு எப்படி என்று கேட்டேன். ஒரு நிமிஷம் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "நீங்க எந்த ஆபீசுங்க?" என்றார்.