காரீயமும் கொழுந்தும்

இலங்கையின் ஏற்றுமதி வரலாறு என்றால் தேயிலை, இறப்பர், தெங்கு என்று மூன்றைத்தான் நாம் மனப்பாடம் செய்திருக்கிறோம். நாலாவதாக ஒன்று இருக்கு: காரீயம். பென்சிலுக்குள்ள இருக்கிற அதே கறுப்புக் கல். கேகாலைப் பக்கம் போகல, குருநாகல் பக்கம் கஹட்டகஹ என்று, நிலத்துக்கடியில் நரம்பு மாதிரி ஓடுகிறது. 95 வீதத்துக்கும் மேல் சுத்தமான காபன்.

நம்ம பூட்டன், பூட்டிமார் முதலில் கோப்பிக்கும் பிறகு தேயிலைக்கும் இந்த மலைகளுக்குக் கொண்டுவரப்பட்ட அதே நூற்றாண்டில், காரீயமும் பீப்பாய் பீப்பாயாகக் கப்பலேறியது. லண்டனில் மோர்கன் கம்பனி அதில் உலோகம் உருக்கும் மூசைகள் செய்தது. முதலாம் உலகப்போரில் ஆயுதத் தொழிற்சாலைகளுக்கு மூசை தேவைப்பட, 1916இல் ஏற்றுமதி 30,000 தொன்னைத் தாண்டியது.

இங்க ஒரு வித்தியாசம் இருக்கு. தேயிலைக் காசின் பெரும்பங்கு வெள்ளைக்காரக் கம்பனிகளுக்குப் போனது. காரீயக் காசு உள்ளூர்க் குடும்பங்களை வளர்த்தது. டி.எஸ். சேனநாயக்கவின் அப்பா டொன் ஸ்பேட்டர் பணக்காரர் ஆனது காரீயத்தில். சேர் ஜோன் கொத்தலாவலயின் தாய்வழி அத்திகல குடும்பத்துக்குச் சொந்தமாகக் காரீயச் சுரங்கங்கள் இருந்தன. இரண்டு பேரும் பிரதமர் ஆனார்கள். டி.எஸ். பிரதமராக இருந்த 1948இல்தான் பிரஜாவுரிமைச் சட்டம் வந்து, நம்ம ஆட்கள் சுமார் 7 லட்சம் பேர் நாடற்றவர்கள் ஆனார்கள். கல்லில் சம்பாதித்தவர்கள் கொழுந்து பறித்தவர்களின் உரிமையைத் தீர்மானித்தார்கள். இரண்டு பொருளும் கப்பலேறின, ஆனால் அவற்றுக்காக உழைத்தவர்களும் உரிமையாளர்களும் ஒரே இடத்தில் வந்து நிற்கவில்லை.

இந்தக் காபனின் அடுத்த வரலாறு ஆய்வுகூடத்தில் நடக்குது. அதில் ஒரு இலங்கையர் முக்கியமானவர்: கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகப் பொறியியல் பேராசிரியர் கெஹான் அமரதுங்க. 1996இல் அவரும் கூட்டாளிகளும் கடினமாகவும் அதே நேரம் வளைந்து மீளக்கூடியதாகவும் உள்ள காபன் படலம் பற்றி ‘நேச்சர்’ இதழில் எழுதினார்கள். 2001இல் இன்னொன்று: இரண்டு காரீயக் கோல்களைத் தண்ணிக்குள் வைத்து மின்பொறி உண்டாக்கினால், வெங்காயம் மாதிரி தோல் தோலான நனோ காபன் உருண்டைகள் மேலே மிதக்கும். வெற்றிட இயந்திரம் தேவையில்ல. 2004இல் மன்செஸ்டரில் கெய்ம், நொவொசெலொவ் இருவரும் காரீயத்தில் செலோடேப் ஒட்டி உரித்து, ஒரே அணுத் தடிப்புள்ள தாளான கிராபீனைப் பிரித்தெடுத்தார்கள். 2010இல் நோபல் பரிசு கிடைத்தது.

2008இல் இலங்கையில் ஸ்லின்டெக் என்ற நனோ தொழில்நுட்ப நிறுவனம் உருவானது. அரசாங்கமும் கம்பனிகளும் சேர்ந்து போட்ட முதல். தேயிலைத் தோட்டங்கள் வைத்திருக்கிற ஹேலீஸ் அந்தக் கம்பனிகளில் ஒன்று. அமரதுங்க அங்கே ஆராய்ச்சிப் பொறுப்பும் வகித்தார். நம்ம காரீயத்திலிருந்து கிராபீன் எடுக்கும் வேலையும் அங்கே நடந்தது.

நமக்கு இன்னும் கிட்டத்தில் இருப்பது அங்கே பிறந்த பசளை. நில்வலா கொட்டேகொட குழு, எலும்பில் இருக்கிற ஒரு கனிமத்தின் நனோ துகள்களில் யூரியாவைப் பிடிக்க வைத்தது. 2011இல் அதைக் கிளிரிசீடியா மரத்துண்டுக்குள் அடைத்து, இலங்கையின் மூன்று உயரங்களில் இருந்து எடுத்த மண்ணில் சோதித்தார்கள். சாதாரணப் பசளை தொடக்கத்திலேயே கொட்டித் தீர்த்து 30 நாளோடு அடங்க, இது 60ஆம் நாளிலும் நைதரசன் விட்டது. 2017இல் அமரதுங்கவும் சேர்ந்து எழுதிய கட்டுரைப்படி, சும்மா யூரியாவை விட 12 மடங்கு மெதுவாகக் கரைகிறது; நெல் வயலில் பாதி யூரியா போட்டே நல்ல விளைச்சல் கிடைத்தது.

வெலிமடையில் உருளைக்கிழங்கும் மரக்கறியும் போடுகிறவர்களிடம் இதன் பெறுமதியைக் கேளுங்க. சரிவு நிலத்தில் போட்ட யூரியா ஒரு மழைக்கே கழுவிப்போகும். 2021 மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதியே நின்றபோது அவர்கள் பட்டது எல்லாருக்கும் தெரியும். அந்த ஒக்டோபரில் இந்தியாவிலிருந்து திரவ நனோ யூரியா இறக்கப்பட்டது. நம்ம நாட்டிலேயே கண்டுபிடித்தது வேறொரு பொருள்; அது அந்த நெருக்கடியில் தோட்டம் வந்து சேரவில்லை.

அமரதுங்கவின் பாதையில் கேம்பிரிட்ஜ் இருக்கு, கொழும்பு இருக்கு. பசறையிலோ ஹப்புத்தளையிலோ இருந்து ஒரு பிள்ளை அந்தப் பாதையில் ஏற என்ன வேணும்? கனிய வளத் தொழில்நுட்பம் படிப்பிக்கிற ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் பதுளையிலேயே நிற்குது. அதன் வாசலுக்குப் போக உயர்தரத்தில் விஞ்ஞானமோ கணிதமோ படித்திருக்கணும். தமிழில் அந்தப் பிரிவுகள் உள்ள தோட்டப்புறப் பாடசாலைகள் மிகக் குறைவு. எங்களில் பலர் கலைப்பீடத்துக்கு வந்தது வரலாற்றில் உள்ள ஆசையால் மட்டும் இல்ல, ஊரில் திறந்திருந்த ஒரே வகுப்பு அதுதான் என்பதாலும்.

அதனால் நம்ம கோரிக்கைப் பட்டியலில் சம்பளம், காணி, வீட்டோடு இன்னொன்றும் சேரட்டும்: ஒவ்வொரு தோட்டப் பிரதேசத்திலும் ஆய்வுகூடமும் ஆசிரியரும் உள்ள ஒரு உயர்தர விஞ்ஞான வகுப்பு.