மிஸ்டர் பிஸ்வாஸ் வாங்கிய வீடு

1845 மே 30. கரீபியன் கடலில் இருக்கும் டிரினிடாட் தீவுக்கு ‘ஃபாட்டல் ரஸாக்’ என்ற கப்பல் வந்து சேர்ந்தது. இறங்கியவர்கள் இருநூற்றுச் சொச்சம் இந்தியர்கள். அடிமை முறை ஒழிந்து, கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் கிடைக்காமல் வெள்ளைக்கார முதலாளிகள் திண்டாடிய நேரம் அது. ஒப்பந்தக் கூலிகளாக கல்கத்தாவில் ஏற்றி, இங்கே கொண்டுவந்து இறக்கிவிட்டார்கள். 1917-ல் இந்த ஆள் ஏற்றுமதி நின்றபோது, வந்தவர்களின் கணக்கு ஒன்றரை லட்சத்துக்குக் கொஞ்சம் கம்மி. பெரும்பாலோர் உத்தரப் பிரதேசம், பீகார்க்காரர்கள். மதராஸில் கப்பல் ஏறியவர்கள் சில ஆயிரம்தான்.

இவர்களைக் குடிவைத்தது நீளமான மரக் கொட்டடிகளில். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் ‘லயம்’ என்பார்களே, அதே சமாசாரம்! சுமார் பத்தடிக்குப் பத்தடியில் ஓர் அறை. தடுப்புச் சுவர் கூரை வரைக்கும் போகாது. பக்கத்து அறையில் புருஷன் பெண்டாட்டி சண்டை போட்டால் வரிசை முழுக்கக் கேட்கும். சீட்டு இல்லாமல் தோட்டத்துக்கு வெளியே கால் வைத்தால் போலீஸ் பிடிக்கும்.

ஆக, ‘நான் யார்?’ என்ற கேள்விக்கு முன்னால் அந்த ஜனங்களுக்கு இன்னொரு கேள்வி இருந்தது. ‘நான் எங்கே கால் நீட்டிப் படுப்பது?’

இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு ஒரு முழு நாவலே எழுதினார் வி.எஸ். நைபால். 1961-ல் வெளிவந்த ‘எ ஹவுஸ் ஃபார் மிஸ்டர் பிஸ்வாஸ்’. 2001-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அவருடைய மற்ற புத்தகங்களைப் பற்றி, குறிப்பாக இந்தியா பற்றி எழுதியவை குறித்து எனக்கு நிறையவே வருத்தம் உண்டு. இந்த ஒன்றுக்காக எல்லாவற்றையும் மன்னித்துவிடலாம்.

கதை என்ன? சைன்போர்டு எழுதிப் பிழைக்கும் மோகன் பிஸ்வாஸ், துளசி என்ற பணக்காரக் குடும்பத்தில் மாப்பிள்ளையாகச் சிக்கிக்கொள்கிறார். ‘அனுமான் ஹவுஸ்’ என்பது அவர்கள் வீட்டின் பெயர். கோட்டை மாதிரி சுவர். உள்ளே ஒரு குட்டி இந்தியா... பூஜை, மாமியார் ராஜ்ஜியம், மகள்கள், மருமகன்கள், எண்ண முடியாத குழந்தைகள். சாப்பாடு உண்டு, பாதுகாப்பு உண்டு. ‘என்னுது’ன்னு சொல்லிக்க ஒரு மூலை கிடையாது. கொட்டடியிலிருந்து தப்பித்து வந்தவர்கள், தாங்களே காசு போட்டுக் கட்டிய இன்னொரு கொட்டடி!

இது கற்பனை இல்லை. சாகுவானாஸ் ஊரில் ‘லயன் ஹவுஸ்’ என்று இன்றும் நிற்கிறது. ஒப்பந்தக் கூலியாகப் போய் பண்டிதரான கபில்தேவ், 1920-களில் கட்டியது. நைபாலுடைய தாய்வழித் தாத்தா அவர். வீட்டு மாப்பிள்ளை, நைபாலின் அப்பா சீபர்சாத். ‘டிரினிடாட் கார்டியன்’ நிருபர்.

நாவலில் ஓர் இடம் வரும். கிறிஸ்துமஸுக்கு பிஸ்வாஸ் தன் மகளுக்கு மட்டும் ஒரு பொம்மை வீடு வாங்கி வருகிறார். கூட்டுக் குடும்பத்தில் அதெப்படி? மற்ற பிள்ளைகளுக்கு என்ன பதில்? ஓரகத்திப் பேச்சு மாதிரி, அக்கா தங்கைகளின் இடிசொல் தாங்காமல், பெற்ற தாய் ஷாமாவே அந்தப் பொம்மை வீட்டை உடைத்துப் போடுகிறாள். பிஸ்வாஸுக்கு வந்த கோபத்தைப் படித்துவிட்டு அன்றைக்கு எனக்குத் தூக்கம் வரவில்லை. ஷாமா மேலும் கோபப்பட முடியவில்லை. அவள் அங்கேதானே நாளைக்கும் சோறு பொங்க வேண்டும்?

அப்புறம் அந்த மனுஷன் தானாகவே வீடு கட்டப் பார்க்கிறார். ஒன்றைப் புயல் சிதைக்கிறது. கடைசியில் கடன் வாங்கி போர்ட் ஆஃப் ஸ்பெயின் நகரத்தில் ஒரு வீட்டை வாங்கிவிடுகிறார். வக்கீல் குமாஸ்தா ஒருத்தன் தலையில் கட்டிய வீடு. சில கதவுகள் சாத்தாது. மாடிப்படி, மறந்துபோய்க் கடைசியில் வெளியே ஒட்டவைத்த மாதிரி பின்பக்கம் தொங்கும். கடன் அடையும் முன்பே செத்துப்போகிறார். ஆனால், சொந்த வீட்டுக்காரராகச் சாகிறார்.

நிஜத்திலும் சீபர்சாத் 1946 கடைசியில் ஒரு வீடு வாங்கினார். முகவரி, நேபால் தெரு 26. சுற்றிலும் டெல்லி, கல்கத்தா, மெட்ராஸ் என்றெல்லாம் தெருப் பெயர்கள். நாவலில் மகன் அதை ‘சிக்கிம் தெரு’ என்று மாற்றினார். இமயமலையில் ஒரு ராஜ்ஜியம் தள்ளி!

அந்த வீட்டில் நைபால் இருந்தது நாலு வருஷம்கூட இல்லை. 1950-ல் ஸ்காலர்ஷிப் வாங்கி ஆக்ஸ்போர்டு போய்விட்டார். 1953-ல் அப்பா இறந்தபோது வரவில்லை. 1956-ல்தான் ஊருக்கு வந்தார்.

வீட்டைப் பிற்பாடு அரசாங்கம் வாங்கி நினைவில்லமாக்கியது. கவனித்துக்கொள்ளும் அமைப்பின் பெயர் ‘நைபாலின் நண்பர்கள்’ இல்லை. ‘மிஸ்டர் பிஸ்வாஸின் நண்பர்கள்’.