வியாழனில் ஒரு புயல் சிவந்த கதை



வானியல் என் தொழில் இல்லை. இங்கே நான் எழுதப்போகிறவர்களுக்கும் இல்லை. 1933 ஆகஸ்ட் 3 இரவு, லண்டனில் தம் வீட்டிலிருந்தே 6 அங்குலத் தொலைநோக்கியில் சனிக் கிரகத்தின் வெள்ளைப் புயல் ஒன்றைக் கண்டுபிடித்த வில் ஹே, சினிமாவில் சிரிப்பு நடிகர்! பார்த்ததைக் கையால் வரைந்து வைத்தார்.

போட்டோ எடுப்பதுதான் பெரிய தலைவலி. காற்று மண்டலம் அலைபாய்வதால் ஃபிலிமில் கிரகம் கலங்கித்தான் விழும். 2000-ஐ ஒட்டி மலிவான வெப்கேமரா வந்ததும் நிலைமை மாறியது. அதைத் தொலைநோக்கியில் செருகி இரண்டு நிமிஷம் வீடியோ எடுக்கணும். (வியாழன் பத்து மணி நேரத்துக்குள் ஒரு சுற்றுச் சுற்றிவிடும், தாமதித்தால் படம் இழுபட்டுப் போகும்.) காற்று அடங்கிய நொடிகளில் விழுந்த படங்களை மட்டும் கம்ப்யூட்டர் பொறுக்கி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிச் சராசரி எடுக்கும். சராசரி எடுத்தால் இரைச்சல் குறையும். நாம் லேபில் படித்த அதே சங்கதிதான்!

பிலிப்பைன்ஸில் செபு நகரத்து மரச்சாமான் வியாபாரி கிறிஸ்டோபர் கோ, இப்படித்தான் 2006 பிப்ரவரி 24 அன்று வியாழனைப் படம் பிடித்தார். அறுபது வருஷம் தனித்தனியே சுற்றிய மூன்று வெள்ளைப் புயல்கள், 1998-லும் 2000-லும் ஒன்றோடொன்று கலந்து ஒரே புயலாகியிருந்தன. வெள்ளையாக இருந்த அந்தப் புயல் அன்று சிவந்து கிடந்தது! அவர் தகவல் சொன்ன பிறகு, ஏப்ரலில் ஹப்பிள் தொலைநோக்கியும் அதைப் படமெடுத்தது. அடியிலிருந்து புயல் வாரி எடுத்த பொருள் சூரியனின் புற ஊதாக் கதிர் பட்டுச் சிவந்திருக்கலாம் என்பது ஒரு கருத்து.

விஞ்ஞானிகள் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்று கேட்காதீர்கள். வியாழனைச் சுற்றிவந்த கலிலியோ விண்கலம் 2003 செப்டம்பரில் அதற்குள்ளேயே விழுந்து முடிந்தது. அடுத்து ஜூனோ போய்ச் சேர்ந்தது 2016 ஜூலையில். இடையில் கிட்டத்தட்ட 13 வருஷம் அங்கே காவலுக்கு ஆள் கிடையாது. பெரிய தொலைநோக்கிகளோ தினமும் ஒரே கிரகத்தைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

ஜூனோ போன பிறகாவது அமெச்சூர்களுக்கு வேலை போயிற்றா? அதுவும் இல்லை. 53 நாளுக்கு ஒருமுறைதான் அது வியாழனை நெருங்கிவந்தது. அப்போதும் ஒரு கீற்றைத்தான் படமெடுக்கும். 2020 மே 31 அன்று தென்னாப்பிரிக்காவில் க்ளைட் ஃபாஸ்டர், மீத்தேன் ஃபில்டர் மாட்டி எடுத்த படத்தில் புதிதாக ஒரு பளிச்சென்ற புள்ளியைக் கண்டார். சில மணி நேரம் முன்பு ஆஸ்திரேலிய அமெச்சூர்கள் எடுத்த படங்களில் அது இல்லை. இரண்டே நாளில், ஜூன் 2-இல், ஜூனோ அதன் அருகாகக் கடந்து படமெடுத்தது. அந்தப் புயலுக்குச் செல்லப் பெயர், 'க்ளைடின் புள்ளி'.