யாருக்கு எவ்வளவு தெரியணும்? – ஒரு அறுபது வருசக் கதை

இப்போல்லாம் கொஞ்சம் பெரிய கம்பெனின்னா ஒரு செக்யூரிட்டி டாஷ்போர்டு இருக்கும். கிளவுட்ல எந்த சர்வர்ல ஓட்டை, எந்த டேட்டாபேஸ் திறந்து கிடக்கு, யார் அக்கவுன்ட்ல சந்தேகமான லாகின், எல்லாம் ஒரே திரையில. காவல்காரருக்கு ரொம்ப வசதி. திருடனுக்கும் இதைவிட நல்ல வரைபடம் கிடைக்காது! அதனால அந்தத் திரையில யாருக்கு எது தெரியணும்னு வரம்பு போட்டாகணும். இந்த வரம்பு கட்டுற வேலைக்கு நீளமான சரித்திரம் உண்டு மக்களே.

1961ல அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில ஃபெர்னாண்டோ கார்பட்டோ குழு சி.டி.எஸ்.எஸ். என்ற சிஸ்டத்தை ஓட்டிக் காட்டினாங்க. ஒரே கம்ப்யூட்டரைப் பலபேர் ஒரே நேரத்துல பயன்படுத்தலாம். அவங்கவங்க ஃபைல் அவங்கவங்களுக்குன்னு பிரிக்க பாஸ்வேர்டு வெச்சாங்க. அடுத்த வருசமே கதை கந்தல். ஆலன் ஷெர் என்ற ஆராய்ச்சி மாணவருக்கு வாரத்துக்கு ஒதுக்கின நாலு மணி நேரம் பத்தலை. மனுசன் என்ன பண்ணார்? பாஸ்வேர்டு ஃபைலை அச்சடிச்சுத் தரச் சொல்லி ஒரு பஞ்ச் கார்டு கொடுத்தார். கம்ப்யூட்டரும் சமர்த்தா அச்சடிச்சுக் கொடுத்துடுச்சு. (இதை அவரே வெளியே சொல்ல கால் நூற்றாண்டு ஆச்சு!)

இதுல இருக்கிற பாடம் முக்கியம். "நீ யாரு?"ன்னு கேட்கிறது பாஸ்வேர்டு. "உள்ளே வந்தப்புறம் நீ எதைப் பார்க்கலாம்?" என்பது வேற கேள்வி. அதுக்கு அடுத்து வந்த மல்டிக்ஸ் சிஸ்டத்துல ஒவ்வொரு ஃபைலுக்கும் ஒரு பட்டியல் வெச்சாங்க: இவர் படிக்கலாம், அவர் எழுதலாம். யூனிக்ஸ் அதையே சுருக்கி உரிமையாளர், குழு, மத்தவங்கன்னு மூணே பிரிவாக்கிடுச்சு. 1975ல சால்ட்சரும் ஷ்ரோடரும் எழுதின கட்டுரையில ஒரு விதியைத் தெளிவா வெச்சாங்க. வேலைக்கு எவ்வளவு உரிமை தேவையோ அவ்வளவுதான், அதுக்கு மேல ஒரு பொட்டு கூடக் கிடையாது.

கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனா பத்தாயிரம் பேர் வேலை பார்க்கிற இடத்துல ஆளுக்கு ஆள் யார் பட்டியல் போடுறது? 1992ல ஃபெராயோலோ, கூன் ரெண்டு பேரும் ஒரு வழி சொன்னாங்க. உரிமையை ஆளுக்குக் கொடுக்காதே, பதவிக்குக் கொடு. ஆள் மாறினா பதவியை மட்டும் மாத்து. இன்னைக்கு டாஷ்போர்டுகள்ல "அட்மின்", "வியூவர்"னு இருக்கே, அதெல்லாம் இந்த வம்சம்தான்.

சரி, நிறைய மறைச்சா பாதுகாப்பா? அதுவும் இல்லை. செப்டம்பர் 11 தாக்குதலை விசாரிச்ச கமிஷன் 2004ல சொன்னது என்ன? உளவு அமைப்புகள் கையில இருந்த தகவலை ஒருத்தருக்கொருத்தர் பகிர்ந்துக்கலை. அந்தக் காலகட்டத்துல பகிர்வுக் கதவுகளை அகலமாத் திறந்தாங்க. விளைவு? 2010ல ஈராக்ல இருந்த ராணுவ ஆய்வாளர் செல்சி மேனிங், இரண்டரை லட்சம் தூதரகத் தகவல்களை விக்கிலீக்ஸுக்குக் கொடுத்தாங்க. பூட்டை உடைக்கலை. அவங்களுக்குத் திறந்தே இருந்த கதவு அது. அவங்க செஞ்சது சரியா தப்பான்னு வாதம் இன்னும் ஓடுது. நம்ம கேள்வி அது இல்லை. ஒரு ஆய்வாளரின் அன்றாட வேலைக்கு உலகம் முழுக்க உள்ள தூதரகக் கடிதங்கள் தேவையா என்பதுதான்.

பூட்டு விக்கிறவங்களும் தப்பிக்கலை. கிளவுட் வழியா பாதுகாப்பு கேமரா விக்கிற வெர்காடா கம்பெனிக்குள்ள 2021 மார்ச்சுல ஹேக்கர்கள் புகுந்தாங்க. கையில கிடைச்சது சூப்பர் அட்மின் உரிமை. ஆஸ்பத்திரி, சிறை, பள்ளின்னு சுமார் 1,50,000 கேமராக்களை எட்டிப் பார்க்கிற வசதி. பாதுகாப்புக்காக மாட்டின கேமரா, படுக்கையில கிடக்கிற நோயாளியை ஊர் பேர் தெரியாதவனுக்குக் காட்டுச்சு. வாடிக்கையாளர் ஒவ்வொருத்தரும் ஒழுங்கா வரம்பு கட்டியிருந்தாலும் பிரயோஜனம் இல்லை. எல்லா வரம்புக்கும் மேல ஒரே ஒரு மாஸ்டர் சாவி தொங்கிட்டிருந்ததே.

இந்த அறுபது வருசமும் சுத்திச் சுத்தி இந்த ஒரு முடிச்சுக்குத்தான் வந்து நிக்குது. வரம்பு கட்டுறவருக்கு யார் வரம்பு கட்டுறது? அதே 1975 கட்டுரையில இதுக்கும் ஒரு யோசனை இருக்கு, நம்மூர் பேங்க் லாக்கர் மாதிரி: ஒரு சாவி மேனேஜர்கிட்ட, ஒரு சாவி நம்மகிட்ட, ரெண்டும் சேர்ந்தாத்தான் திறக்கும். பழைய யோசனைதான். ஆனா அவசரத்துக்கு ஆகாதுன்னு முதல்ல கைவிடுறதும் இதைத்தான்.

உங்க ஆபீஸ்ல மாஸ்டர் சாவி எத்தனை பேர்கிட்ட இருக்குன்னு ஒரு தடவை எண்ணிப் பாருங்களேன். வேலையை விட்டுப் போனவங்களையும் சேர்த்து எண்ணுங்க!