தேய்த்தலும் சோதித்தலும்

பெரிய தொலைநோக்கிகளின் வரலாறு பெரும்பாலும் அளவுகளின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்திருக்கிறது. 48 அங்குலம், 72 அங்குலம், 100 அங்குலம், 200 அங்குலம் என்று, ஒரு கோபுரத்தை விட அடுத்த கோபுரம் உயரம் என்று ஸ்தல புராணம் சொல்லும் தோரணையில். இந்த வரிசையில் எனக்கு அதிக அக்கறை இல்லை. என்னைத் தொந்தரவு செய்யும் கேள்வி வேறு: ஒரு பரப்பு சரியாக அமைந்துவிட்டது என்று அதைச் செய்தவனுக்கு எப்படித் தெரிந்தது? கையில் தட்டுப்படாத, கண்ணுக்குத் தெரியாத ஒரு பிழையை அவன் எதைக் கொண்டு கண்டான்? முந்நூற்றைம்பது ஆண்டுகளாக இந்தக் கேள்விக்குச் சொல்லப்பட்ட பதில்கள் மாறிக்கொண்டே வந்திருக்கின்றன. அந்த மாற்றம்தான் உண்மையான வரலாறு என்று எனக்குப் படுகிறது.

முதலில் தேவை எவ்வளவு நுட்பமானது என்பதைச் சொல்லிவிட வேண்டும். நட்சத்திர ஒளியை ஒரு புள்ளியில் குவிக்கும் குழியாடியின் பரப்பு, இருக்க வேண்டிய வடிவத்திலிருந்து ஒளியின் அலைநீளத்தில் எட்டில் ஒரு பங்குக்கு மேல் விலகக் கூடாது. அதாவது சுமார் 0.07 மைக்ரான். தலைமுடியின் தடிமனில் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்கு. இதைக் கையால் செய்ய முடிகிறது என்பதற்கு ஒரு எளிய ஜியோமிதிக் காரணம் உண்டு. இரண்டு வட்டத் தட்டுகளை நடுவில் சாணைப்பொடி தூவி, ஒன்றின் மேல் ஒன்றை வைத்து, எல்லாத் திசைகளிலும் மாற்றி மாற்றித் தேய்த்தால் மேல்தட்டு குழியும், கீழ்த்தட்டு குவியும். எந்த நிலையில் வைத்தாலும் ஒன்றோடொன்று பொருந்தும் வளைபரப்பு கோளப் பரப்பு மட்டுமே என்பதால், தேய்ப்பவன் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் அது கோளத்தை நோக்கியே போகும். அதுவரை இயற்கை துணை. ஆனால் தொலைநோக்கிக்கு வேண்டியது கோளம் அல்ல, பரவளையம். 15 சென்டிமீட்டர் அகலமும் 120 சென்டிமீட்டர் குவியத் தூரமும் உள்ள ஒரு கண்ணாடியில் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் 0.3 மைக்ரான்தான். அந்த 0.3 மைக்ரானை மனிதன் தானே செய்ய வேண்டும். செய்ய வேண்டுமென்றால், அது இருக்கிறதா இல்லையா என்று பார்க்கத் தெரிய வேண்டும்.

தமிழில் 'கண்ணாடி' என்ற ஒரே சொல் பொருளையும் பிம்பம் காட்டும் கருவியையும் குறிக்கிறது. இது பழைய உண்மையொன்றை மறைத்துவிடுகிறது. 1668-ல் நியூட்டன் செய்த முதல் பிரதிபலிப்புத் தொலைநோக்கியிலிருந்து ஏறக்குறைய இருநூறு ஆண்டுகள், தொலைநோக்கியின் ஆடி உலோகத்தால் ஆனது. செம்பும் வெள்ளீயமும் சேர்ந்த, வெளிறிய, எளிதில் நொறுங்கும் ஒரு கலவை. கேரளத்து ஆரன்முளைக் கண்ணாடி இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததே. நல்ல மெருகில்கூட இந்த உலோகம் தன்மேல் விழும் ஒளியில் மூன்றில் இரண்டு பங்கைத்தான் திருப்பித் தந்தது. ஈரக் காற்றில் மங்கவும் செய்தது. மங்கினால் மறுபடி மெருகேற்ற வேண்டும். மெருகேற்றினால் வடிவம் மாறும். அதாவது ஒவ்வொரு முறை துலக்கும்போதும் ஆடியை முதலிலிருந்து செய்தாக வேண்டும்.

இந்த உலோகத்தோடு வாழ்நாளெல்லாம் மல்லுக்கட்டியவர் வில்லியம் ஹெர்ஷெல். இங்கிலாந்தின் பாத் நகரத்தில் இசை கற்பித்துப் பிழைத்தவர். 7 அடி நீளத் தொலைநோக்கி ஒன்றின் ஆடியை முடிக்கையில் 16 மணி நேரம் அவர் கையை எடுக்கவில்லை என்றும், தான் உணவைத் துண்டு துண்டாக அவர் வாயில் ஊட்ட நேர்ந்தது என்றும் தங்கை கரோலின் எழுதிவைத்திருக்கிறார். 1781 ஆகஸ்டில், யுரேனஸைக் கண்டுபிடித்து ஐந்து மாதங்கள் ஆகியிருந்தபோது, வீட்டின் கீழ்த்தளத்தில் பெரிய ஆடி ஒன்றை வார்க்க முயன்றார். குதிரைச் சாணத்தை இடித்துச் சலித்துச் செய்த அச்சு. உலை கசிந்து உருகிய உலோகம் தரையில் ஓட, கல் தளம் வெடித்துச் சிதறியது. 1789-ல் 48 அங்குல ஆடியை முடித்தார். அவர் நூற்றுக்கணக்கில் ஆடிகள் தேய்த்தவர். ஆனால் அவற்றைச் சோதிக்க அவரிடம் இருந்தது வானம் ஒன்றுதான். குழாயில் பொருத்தி ஒரு நட்சத்திரத்தைப் பார்ப்பது, பிம்பம் கெட்டிருந்தால் எடுத்துவந்து தேய்ப்பது. கெட்டிருக்கிறது என்று தெரியும். எந்த இடத்தில், எவ்வளவு என்று தெரியாது. அதைக் கை ஊகித்தது. அந்தக் கைக்கு உரியவன் இறந்தால் அந்த ஊகமும் இறந்தது.

அயர்லாந்தின் பர் கோட்டையில் ராஸ் பிரபு 72 அங்குல ஆடியை 1842-ல் வார்த்தார். மூன்று டன். தேய்க்க நீராவி இயந்திரம் வைத்தார். தன் முறைகளை ஒளிக்காமல் வெளியிட்டார். 1845-ல் அந்தத் தொலைநோக்கி ஒரு நெபுலாவின் சுருள் வடிவத்தை முதன்முதலாகக் காட்டியது. அடுத்து வந்தது உருளைக்கிழங்குப் பஞ்சம். பிரபு நிவாரண வேலையில் இறங்க, தொலைநோக்கி சில ஆண்டுகள் சும்மா கிடந்தது. வானியல் வரலாறுகளில் இது ஒரு வரியில் கடந்துபோகும். அந்தக் கோட்டையின் மதிலுக்கு வெளியே மனிதர்கள் செத்துக்கொண்டிருந்தார்கள் என்பதை நாமாவது இன்னொரு வரி சேர்த்துச் சொல்லலாம்.

உலோக ஆடியின் கடைசிப் பெரிய அத்தியாயம் மெல்போர்னில் முடிந்தது. டப்ளினில் தாமஸ் கிரப் செய்த 48 அங்குலத் தொலைநோக்கி 1869-ல் ஆஸ்திரேலியாவில் நிறுவப்பட்டது. கடற்பயணத்தில் கெடாமலிருக்க ஆடியின்மேல் அரக்குப் பூசி அனுப்பியிருந்தார்கள். அதை அகற்றுகையில் மெருகு கெட்டது. மறுபடி வடிவம் கொடுக்கத் தெரிந்த கைகளோ டப்ளினில் இருந்தன. ஆடியைக் கப்பலில் ஏற்ற முடிந்தது, அதைச் செய்த அறிவை ஏற்ற முடியவில்லை. ஒரு கருவியை வாங்குவதும் ஒரு தொழிலைப் பெறுவதும் வேறு வேறு என்பதற்கு இதைவிடத் துல்லியமான உதாரணம் எனக்குத் தெரியாது.

மெல்போர்னுக்கு அந்த ஆடி கிளம்புவதற்குப் பத்தாண்டு முன்பே பதில் கிடைத்திருந்தது என்பதுதான் வேடிக்கை. 1850களின் பிற்பகுதியில் பாரிஸில் லெயான் ஃபூக்கோ இரண்டு காரியங்கள் செய்தார். உலோகத்துக்குப் பதில் கண்ணாடியைத் தேய்த்து, அதன்மேல் மெல்லிய வெள்ளிப் பூச்சுக் கொடுத்தார். வெள்ளி மங்கினால் அமிலத்தில் கரைத்துவிட்டு மீண்டும் பூசிக்கொள்ளலாம். அடியில் இருக்கும் வடிவம் அப்படியே நிற்கும். வடிவம் வேறு, பளபளப்பு வேறு என்று பிரிந்தது. இரண்டாவது காரியம் இதைவிடப் பெரியது. ஆடியின் வளைவு மையத்தில் ஒரு சிறு ஒளிப்புள்ளியை வைத்து, திரும்பி வரும் ஒளிக்கூம்பின் முனையை ஒரு கத்தியின் விளிம்பால் வெட்டிப் பார்த்தார். பரப்பு சுத்தமான கோளமானால் முழு ஆடியும் ஒரே நேரத்தில் இருளும். எங்காவது மேடோ பள்ளமோ இருந்தால் அது மாலை வெயிலில் மணல்மேடு தெரிவதைப் போல நிழலும் ஒளியுமாகப் புடைத்துத் தெரியும்.

நான் சிறிய கண்ணாடி ஒன்றைத் தேய்த்தவன். ஆகவே இந்த நிழலைப் பற்றி நேரடியாகச் சொல்ல முடியும். கீல் பூசிய தட்டும் செந்நிற இரும்பு ஆக்ஸைடுக் குழம்பும் கொண்டு பல வாரம் மெருகேற்றிய பரப்பில், கட்டை விரலை அரை நிமிஷம் வைத்து எடுத்துவிட்டுச் சோதனையில் பார்த்தேன். விரல் இருந்த இடத்தில் ஒரு குன்று எழுந்து நின்றது. உடம்புச் சூட்டில் கண்ணாடி வீங்கிய வீக்கம். சில நிமிஷங்களில் அது மெல்ல அமிழ்ந்து மறைந்தது. எந்த விரலாலும் தடவி அறிய முடியாத ஒன்றை ஒரு சவரப் பிளேடு காட்டியது. அதற்குப் பிறகு, 'கைத்திறன்' என்ற வார்த்தையை நான் பழைய அர்த்தத்தில் பயன்படுத்துவதில்லை. கை தேய்க்கிறது, அவ்வளவுதான். எங்கே நிறுத்துவது என்று கைக்குத் தெரியாது.

ஃபூக்கோவுக்குப் பின் ஆடி, வானத்துக்குப் போகாமலே ஒரு அறைக்குள் விசாரிக்கப்பட்டது. இந்த வழியின் உச்சம் பாலோமர் மலையின் 200 அங்குல ஆடி. நியூயார்க் மாநிலத்தின் கார்னிங் நகரில் 1934 மார்ச்சில் வார்த்த முதல் வட்டில், அடிப்பக்கக் குழிகளுக்கான அச்சுக் கட்டைகள் பிய்த்துக்கொண்டு மேலே மிதந்தன. டிசம்பரில் இரண்டாவது வட்டு. அதை மாதக்கணக்கில் சிறிது சிறிதாக ஆறவிட்டார்கள். 1936-ல் ரயிலில் கலிபோர்னியாவின் பாசடீனாவுக்குக் கொண்டுபோனார்கள். 20 டன் வட்டிலிருந்து ஐந்து டன்னுக்கு மேல் கண்ணாடி தேய்த்தெடுக்கப்பட்டது. நடுவில் யுத்தம் வந்து வேலையை நிறுத்தியது. 1947-ல்தான் ஆடி மலையேறியது.

மலையில் புதிய பாடம் காத்திருந்தது. பதினாலரை டன் கண்ணாடி கெட்டிப் பொருள் என்று நினைக்கிறோம். ஒளியின் அளவுகோலில் அது மெத்தையைப் போலத் தொய்யும். படுத்திருக்கும்போது ஒரு வடிவம், சாயும்போது வேறொரு வடிவம். ராஸ் பிரபுவின் காலத்திலேயே இது தெரிந்திருந்தது. ஒரு நெம்பு மூன்று புள்ளிகளைத் தாங்க, அந்த நெம்புகளை மூன்று மூன்றாக இன்னொரு வரிசை தாங்க, பாரத்தை 27 மேடைகளுக்குப் பங்கிட்டிருந்தார்கள். பாலோமரில் ஆடியின் அடிக்குழிகளுக்குள் 36 எதிர்எடை நெம்புகள். அவற்றில் உராய்வு இருந்ததால் பிம்பம் கெட்டது. இன்னொரு பிழை, முன்யோசனையால் நேர்ந்தது: ஆடி இவ்வளவு தொய்யும் என்று கணக்கிட்டு விளிம்பைச் சற்று உயர்த்தியே விட்டிருந்தார்கள். எதிர்பார்த்த அளவு அது தொய்யவில்லை. நெம்புகளைத் திருத்தி, சாதாரண வில் தராசுகளால் ஆடியை இழுத்துப் பிடித்து, கடைசியில் 1949-ல் டான் ஹென்ட்ரிக்ஸ் அந்த விளிம்பைக் கையாலேயே தேய்த்து இறக்கினார். வடிவம் கண்ணாடிக்குச் சொந்தமான குணம் அல்ல. கண்ணாடியும் அதைத் தாங்குவதும் சேர்ந்துதான் வடிவம்.

சோதனையே பொய் சொன்னால்? இதற்கு வரலாறு ஒரே காலத்தில் இரண்டு பதில்களைத் தந்தது. ஹப்பிள் விண்வெளித் தொலைநோக்கியின் 2.4 மீட்டர் ஆடி 1981-ல் மெருகேற்றி முடிக்கப்பட்டது. அதைச் சோதித்த ஒளியியல் கருவியில் ஒரு வில்லை 1.3 மில்லிமீட்டர் தள்ளிப் பொருத்தப்பட்டிருந்தது. தூரத்தை அளந்த லேசர், ஒரு மூடியின் கறுப்பு வர்ணம் பெயர்ந்த இடத்தில் பட்டுத் திரும்பியதால் வந்த வினை. தேய்த்தவர்கள் அந்தத் தவறான அளவுகோலுக்கு அபாரத் துல்லியத்துடன் ஆடியைத் தேய்த்தார்கள். விளிம்பு 2.2 மைக்ரான் தட்டையாகிப் போயிற்று. இதில் என்னை உறுத்துவது அந்தப் பிழை அல்ல. எளிய வேறு சோதனைகளும் நடந்தன. அவை ஏதோ தவறு என்று சொல்லவும் செய்தன. அவை குறைந்த துல்லியமுள்ளவை என்று ஒதுக்கப்பட்டன. 1990-ல் ஹப்பிள் மேலே போனபின் நட்சத்திரங்கள் அந்த ஒதுக்கப்பட்ட சாட்சியின் பக்கம் நின்றன. 1993 டிசம்பரில் விண்வெளி வீரர்கள் போய்த் திருத்து ஒளியியலைப் பொருத்தும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

சிலியில் 1989-ல் ஐரோப்பியர்கள் நிறுவிய 3.58 மீட்டர் தொலைநோக்கியின் ஆடியிலும் இதே ரகப் பிழை இருந்தது. காரணமும் அதேதான்: சோதனைக் கருவியில் தவறிய ஒரு தூரம். ஆனால் அதை வடிவமைத்த ரேமண்ட் வில்சன் ஆடியை வேண்டுமென்றே மெலிதாக, 24 சென்டிமீட்டர் தடிமனில் செய்யவைத்திருந்தார். அதன் அடியில் 75 தாங்கிகள். நட்சத்திரத்தின் பிம்பத்தைக் கணிப்பொறி ஆராய்ந்து, எந்தத் தாங்கி எவ்வளவு அழுத்த வேண்டும் என்று சொல்லும். பிழை கண்டார்கள், அழுத்தத்தை மாற்றினார்கள், தீர்ந்தது. ஒரு தொலைநோக்கி, தான் பிழைபடக்கூடும் என்பதை முன்பே ஒப்புக்கொண்டு கட்டப்பட்டது. மற்றது அப்படிக் கட்டப்படவில்லை. பின்னால் வந்த 8.2 மீட்டர் ஆடிகள், 17.5 சென்டிமீட்டர் தடிமனில், இந்த ஒப்புதலின் மேல்தான் கிடக்கின்றன.

ஹப்பிளின் ஆடி, யாருக்கும் தெரியாத பிழையோடு பூமியில் காத்திருந்த அந்த ஆண்டுகளில், ஏறத்தாழ அதே அளவான இன்னொரு ஆடி ஜவ்வாது மலையில் காவலூருக்கு வந்து சேர்ந்தது. 2.34 மீட்டர். வட்டு ஜெர்மனியிலிருந்து வந்த, வெப்பத்தில் அநேகமாக விரியாத ஸீரோடூர். தேய்த்ததும் மெருகேற்றியதும் பெங்களூரில், இந்திய வான்இயற்பியல் நிறுவனத்தின் ஒளியியல் கூடத்தில், ஏ.பி. ஜெயராஜனின் பொறுப்பில். பெரிய கருவியை முழுதாக விலைக்கு வாங்கிவிடாமல் இங்கேயே செய்ய வேண்டும் என்ற பிடிவாதம் வைணு பாப்புவுடையது. 1968-ல் காவலூரில் அவர் தொடங்கிவைத்ததே கொடைக்கானலில் செய்த ஒரு 38 சென்டிமீட்டர் தொலைநோக்கியோடுதான். 1982-ல் அவர் இறந்தார். 1985 நவம்பரில் பெரிய ஆடி முதல் ஒளியைக் கண்டது. 1986 ஜனவரியில் அதற்கு அவர் பெயர் வைத்தார்கள்.

உலகப் பட்டியலில் இந்த ஆடிக்குப் பெரிய இடம் கிடையாது. நான் அதை மெல்போர்னுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். அங்கே அரக்கு அகற்றப்பட்ட நாளிலிருந்து ஆடி அனாதை. இங்கே அலுமினியப் பூச்சு மங்கும்போது கரைத்துவிட்டு, மலையிலேயே உள்ள வெற்றிடக் கலத்தில் வைத்துப் புதிதாகப் பூசுகிறார்கள். பூச்சின் தடிமன் மைக்ரானில் ஒரு பின்னம்தான். அதற்கு அடியில், பெங்களூரில் யாரோ ஒரு சாயங்காலம் சோதித்துப் பார்த்து, இனித் தேய்க்க வேண்டாம் என்று கையெடுத்த வடிவம் இருக்கிறது.